ரிமோட் டிரக் பரிசாக வாங்குகிறீர்களா? டெமோவில் ஓடிய வண்டிதான் பெட்டிக்குள்ளும் இருக்கிறதா, பாருங்கள்

சென்னையில் ரிமோட் கார், டிரக் விற்கும் ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாமலே நீங்கள் தப்பிக்க முடியும். அவர்கள் செய்த வேலை என்ன என்று தெரிந்தால் போதும்.

அக்கா மகனுக்குப் பதினோரு வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு அவன் கேட்டது ரிமோட்டில் ஓடும் பெரிய சக்கர டிரக். எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொம்மை வண்டியை வாங்கிக் கொடுத்தால் பள்ளி திறப்பதற்குள் அது பரணுக்குப் போய்விடும். அந்த வகையில் மோட்டாரை ஓட்டுவது, சிக்னல் வாங்குவது, சக்கரத்தைத் திருப்புவது எல்லாம் ஒரே சின்ன போர்டில் இருக்கும். ஒன்று போனால் வண்டியே போச்சு. ஹாபி கிரேடு என்று சொல்லும் வகையில் மோட்டார் தனி, அதற்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கும் ஈ.எஸ்.சி. தனி, திருப்பும் செர்வோ தனி, பேட்டரி தனி. எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பையன் தானே ஸ்க்ரூ டிரைவர் பிடித்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இந்த வகையைத் தேடினேன்.

அந்தக் கடையில் 1/16 அளவு, அதாவது நிஜ வண்டியில் பதினாறில் ஒரு பங்கு, மான்ஸ்டர் டிரக் ஒன்று இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும், பிரஷ்லெஸ் மோட்டார் (உள்ளே உரசும் கார்பன் பிரஷ் இல்லாதது), விலை 14,500 ரூபாய். போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். "பிரஷ்லெஸ் தானே? பேட்டரி எவ்வளவு? ஸ்பேர் கிடைக்குமா?" என்று மூன்று கேள்வி. "பிரஷ்லெஸ் சார், 7.4 வோல்ட் லிப்போ, 3000 எம்.ஏ.எச்., ஸ்பேர் எல்லாம் நம்மகிட்டயே இருக்கு" என்று பதில் வந்தது. லிப்போ என்பது லித்தியம் பாலிமர் பேட்டரி, எம்.ஏ.எச். என்பது அது எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற கணக்கு. அந்தச் செய்தி இன்றும் என் ஃபோனில் இருக்கிறது. இந்தப் புகாரே அதன் மேல்தான் நிற்கிறது.

கடையில் டெமோ காட்டினார்கள். வாசலில் விட்ட வண்டி பிரமாதமாக ஓடியது. ரிமோட்டில் வேகம் கொடுக்கும் டிரிகரை லேசாகத் தொட்டால் ஊர்ந்தது, முழுதாக அழுத்தினால் பறந்தது, நடைபாதைத் திட்டில் சத்தமில்லாமல் ஏறியது. "இதையே கொடுங்க" என்றேன். "டெமோ பீஸ் சார் இது, நாலு பேர் ஓட்டினது. பையனுக்குப் பிரசென்ட்டுங்கிறீங்க, புதுசா சீல் பிரிக்காத பெட்டி தர்றேன்" என்று உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். பெட்டியில் அதே படம், அதே நிறம். பிரித்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, சீல் பிரித்தால் வாரண்டி போய்விடும் என்றார். பில்லில் "டாய் கார் - 1" என்று மட்டும் இருந்தது. மாடல் பெயரைப் போடச் சொன்னபோது, "சிஸ்டத்துல அப்படித்தான் சார் வரும்" என்றார்.

தாம்பரத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் ஓட்டியபோதே சந்தேகம் வந்துவிட்டது. டிரிகரைத் தொட்டதும் வண்டி வெடுக்கென்று குதித்தது. மெதுவாக ஊரவே மாட்டேன் என்றது. சக்கரம் நேராக நின்றது, இல்லாவிட்டால் முழுதாகத் திரும்பியது. நடுவில் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் ஓடும் என்றார்கள். பத்து நிமிடத்துக்குள் தள்ளாட ஆரம்பித்தது. பேட்டரியைக் கழற்றினால் கையில் வைக்க முடியாத சூடு. அடுத்த தடவை சார்ஜில் போட்டபோது உறை உப்பி, இனிப்பும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி ஒரு வாடை. அதோடு சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன். "மாமா, நான் ஏதாவது தப்பா ஓட்டிட்டேனா?" என்று அவன் கேட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மேல் மூடியைப் பிடித்திருப்பது நாலு கிளிப்தான். கழற்றிப் பார்த்தேன். மோட்டாருக்குப் போன ஒயர் இரண்டு, ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் ஈ.எஸ்.சி.யிலிருந்து மூன்று தடித்த ஒயர் வந்தாக வேண்டும், இரண்டில் அது சுற்றவே சுற்றாது. இரண்டு ஒயர் என்றால் கார்பன் பிரஷ் வைத்த சாதா மோட்டார். அதன் மேல் பிரஷ்லெஸ் என்று அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது. அடியில் மோட்டாரின் வெறும் தகரம். செர்வோவிலிருந்து மூன்று ஒயருக்குப் பதில் ஐந்து ஒயர் போய், ஒரே பச்சை போர்டில் நேராகப் பற்றவைத்திருந்தது. ஹாபி கிரேடு என்ற பெயரில், நான் வேண்டாம் என்று ஒதுக்கிய பொம்மை வகையே உள்ளே இருந்தது.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்றால், சீனாவிலிருந்து வரும் இந்த அளவு டிரக்குகளில் ஒரே பாடியில் பிரஷ் மோட்டார் வகையும் பிரஷ்லெஸ் வகையும் இரண்டும் வருவது சகஜம். வெளியே வித்தியாசம் தெரியாது, விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். நல்ல வகையில் ஒன்றை வாங்கி வாசலில் ஓட்டிக் காட்டிவிட்டு, அந்த விலைக்கே மலிவு வகையைப் பெட்டியோடு கொடுத்துவிடலாம். பரிசுப் பொருள் என்பது அவர்களுக்கு இன்னும் வசதி. வாங்குகிறவர் பிரிக்க மாட்டார், பிரிக்கிற குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

பிரஷ் மோட்டார் கெட்டது என்று நான் சொல்லவில்லை. முதல் வண்டிக்கு நல்ல பிரஷ் மோட்டாரே போதும். தேய்ந்தால் மாற்றலாம், விலை குறைவு, வேகமும் குழந்தை கைக்கு அடங்கும். டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் டிரக் 2008-லிருந்து விற்பனையில் இருக்கிறது, அதன் சாதா வகையில் பிரஷ் மோட்டார்தான். அதன் ஈ.எஸ்.சி.யில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி முறையும் உண்டு. குழந்தைக்குக் கொடுக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? பெட்டியில் 60 கி.மீ. வேகம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி அந்த வேகத்தில் முழங்காலில் இடித்தால் எலும்புக்கே ஆபத்து. பிரஷ்லெஸ் விலையை வாங்கிக்கொண்டு மற்றதைக் கொடுத்தார்களே, அதுதான் மோசடி.

பேட்டரி எழுத்தையும் நம்பாதீர்கள். ரிமோட் விமானம் விடும் நண்பரிடம் உள்ள நல்ல சார்ஜர் எவ்வளவு உள்ளே போகிறது என்று காட்டும். உப்பாமல் இருந்த இன்னொரு பேட்டரியை, பெட்டியில் இலவசம் என்று வந்ததை, அதில் போட்டுப் பார்த்தோம். 3000 என்று எழுதிய அதற்குள் போனது 1400 சொச்சம். மோட்டார் சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் 1500 எம்.ஏ.எச். பேட்டரி ஒன்பது நிமிடத்தில் காலி. அரை மணி நேர ஓட்டம் என்ற பேச்சு எங்கே நிற்கும்? லிப்போவில் ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேலே ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு செல்லையும் சமமாக ஏற்ற பேலன்ஸ் சார்ஜர் வேண்டும், தீர்ந்தால் தானாக நிறுத்தும் வசதி வண்டியிலும் வேண்டும். எனக்குக் கொடுத்த வண்டியில் இரண்டும் கிடையாது. சார்ஜர் என்று தந்தது ஒரு யு.எஸ்.பி. ஒயரும் அதன் நுனியில் சிவப்பு விளக்கும். ராத்திரி படுக்கும்போது குழந்தை இதைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பதறுகிறது.

கடைக்குப் போய்க் கேட்டபோது, முதலில் பையன் தண்ணீரில் விட்டிருப்பான் என்றார்கள். ஒயரைக் காட்டியதும், "இந்த லாட்டுல அப்படி வந்திருக்கு சார்" என்று பேச்சு மாறியது. ஸ்பேர் கேட்டேன், இந்த மாடலுக்கு இல்லையாம். கடைசியில் பில்லின் அடியில் அச்சடித்திருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார். அந்த வரியைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஒரு மாடல், ஒரு தரம் என்று சொல்லி வேறொன்றைத் தலையில் கட்டுவதும் அதே பிரிவில் வருகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடையிலிருந்து பாதிப் பணம் தருவதாக ஒரு ஃபோன் வந்தது. மறுத்துவிட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

நீங்கள் வாங்கப் போனால், டெமோ ஓட்டிய வண்டியைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தரப்போகும் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், நாலு கிளிப்பையும் கழற்றி ஒயரை எண்ணுங்கள். பரிசுத் தாளைப் பிறகு சுற்றிக்கொள்ளலாம். சீல் பிரித்தால் வாரண்டி இல்லை என்று சொல்லும் கடையில் நிற்கவே வேண்டாம். டிரிகரை மெல்ல அழுத்தி வண்டி ஊர்கிறதா, ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால் சக்கரமும் கொஞ்சமாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். 1/10 என்று சொன்னால் டேப் வைத்து அளங்கள். அந்த அளவு ஷார்ட் கோர்ஸ் டிரக் (மண்பாதைப் பந்தய டிரக் மாதிரி) அரை மீட்டருக்கு மேல் நீளம் இருக்கும். ஸ்பேர் உண்டு என்று வாயால் சொன்னால் போதாது. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்ம் ஒரு ஜோடியை அன்றே சேர்த்து விலைக்குக் கேளுங்கள், முதலில் உடைவது அதுதான். எடுத்துக் கொடுத்தால் ஸ்பேர் உண்டு.

இன்னொன்று, வயது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரத்தில் ஓடுபவற்றுக்கு ஐ.எஸ். 15644 தரம். முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை, அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று தெரியும். எனக்குக் கொடுத்த பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 14+ என்று இருந்தது, முத்திரை இல்லை. பதினோரு வயதுப் பையனுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன், "தாராளமா ஓட்டலாம் சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். புகாரில் இதையும் சேர்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே இப்படி ஒரு டிரக் வீட்டில் இருந்தால் இன்றே மூடியைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ மறுபடி சார்ஜில் போடவோ வேண்டாம். படம் எடுத்துவிட்டு, மணல் போட்ட இரும்பு வாளியில் வெளியே வையுங்கள். பிறகு மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பில், கடைக்காரர் அனுப்பிய செய்திகள், உரித்த ஸ்டிக்கர் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். ஒரே கடையால் ஒரே விதமாக ஏமாந்த பலர், ஆணையத்தின் அனுமதியோடு, சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இடம் தருகிறது. சென்னையில் 1/16 பிரஷ்லெஸ் என்று வாங்கிய வண்டியில் இரண்டு ஒயர்தான் இருக்கிறது என்றால் எனக்கு எழுதுங்கள்.