லிங்கனா, ஒபாமாவா? இல்லினாய் சட்டமன்றத்தில் இரு வழக்கறிஞர்கள்

பின்னாளில் அமெரிக்க அதிபர்களான இந்த இருவருமே முன்பு இல்லினாய் மாநில சட்டமன்றத்தில் ஏறக்குறைய எட்டு வருடம் இருந்தவர்கள். சட்டப் படிப்பு அங்கே யாருக்கு அதிகம் பலன் தந்தது? லிங்கன் 1834-இல் முதலில் உறுப்பினரானார்; சட்டத்தைத் தானே படித்து 1836-இல்தான் உரிமம் வாங்கினார். ஒபாமாவோ ஹார்வர்டில் படித்து, வழக்காடி, 1997-இல் மாநில செனட்டுக்குள் (சட்டமன்றத்தின் மேலவை) வந்தார்.

லிங்கன் பேரம் பேசுவதில் கெட்டிக்காரர். தலைநகரம் வண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாறியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. 1840-இல் ஒருமுறை, அவை நடக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை சேராமல் தடுக்க ஜன்னல் வழியே குதித்தார். அதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள், பாவம்!

ஒபாமா குதிக்கவில்லை, காத்திருந்தார். ஆறு வருடம் அவர் கட்சிக்கு அவையில் பெரும்பான்மை இல்லை. அது கிடைத்ததும், 2003-இல், கொலை வழக்குகளில் சந்தேக நபர்களைக் காவல்துறை விசாரிப்பதை ஒலி அல்லது ஒளிப்பதிவு செய்ய வைக்கும் சட்டத்தைக் காவல்துறையையும் சம்மதிக்க வைத்து நிறைவேற்றினார். சட்டப் படிப்பு அவையில் பலன் தந்தது ஒபாமாவுக்குத்தான் என்பேன். வழக்கறிஞர் லிங்கன் முழுதாக வெளிப்பட்டது அப்புறம்தான்.