டார்க் கன்வெர்டர் பிளேடும் ஆறு வருட சிமுலேஷனும்

டார்க் கன்வெர்டர் என்பது ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். அதன் பிளேடு வடிவமைப்புக்குப் பாய்ம ஓட்ட சிமுலேஷனைப் பயன்படுத்தத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடத்தில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இரண்டாம் வருடத்தில் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது கொஞ்சம் நிதானமாக எழுத முடியும் என்று தோன்றுகிறது.

அதற்கு முன்பு எங்களிடம் இருந்தது ஒற்றைப் பரிமாணக் கணக்கு. எஞ்சினோடு சுற்றும் பம்ப், கியர்பாக்ஸைச் சுழற்றும் டர்பைன், இடையில் எண்ணெயைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் மூன்றின் வழியாகவும் எண்ணெய் ஒரே ஒரு சராசரிப் பாதையில் போவதாக வைத்துக்கொண்டு, பிளேடின் நுழைவு, வெளியேறு கோணங்களை மட்டும் கொடுத்து டார்க் விகிதத்தை (பம்புக்குக் கொடுக்கும் முறுக்குவிசை டர்பைனில் எத்தனை மடங்காகிறது என்பதை) கணிப்பது. சில நொடிகளில் முடிந்துவிடும். அதை இன்னும் விடவில்லை. புதிய வடிவத்தின் முதல் வரைவு இன்றும் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் பிளேடின் நடுவில் வளைவை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. சிமுலேஷனுக்குப் போனது அதற்காகத்தான்.

சாதாரண பம்பைச் செய்து பழகியவர்களை இங்கே முதலில் குழப்புவது, எண்ணெயின் பிரதான ஓட்டத்துக்கு உள்ளே வரும் இடமும் வெளியே போகும் இடமும் இல்லாததுதான். வளையத்துக்குள்ளேயே சுற்றுகிறது. எவ்வளவு சுற்றும் என்பதை நாம் கொடுக்க முடியாது, மூன்று சக்கரங்களும் சேர்ந்து தீர்மானிக்கும். அதனால் தொடக்க மதிப்பு மோசமாக இருந்தால் கணக்கு நீண்ட நேரம் தள்ளாடும். ஒரு நல்ல சோதனை: மூன்று சக்கரங்களின் மீதான டார்க்கையும் குறியோடு கூட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வராவிட்டால் மற்ற வரைபடங்களைத் திறக்கவே வேண்டாம்.

தினசரி வேலைக்கு ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரே ஒரு பிளேடு இடைவெளியை எடுத்து, இடையில் சுற்றளவு சராசரி எடுக்கும் மிக்ஸிங் பிளேன் முறையில் ஓட்டுகிறேன். வேக விகிதம் (பம்பின் வேகத்தில் டர்பைன் வேகம் எவ்வளவு பங்கு என்பது) குறைவாக இருக்கும்வரை சரி. டர்பைன் பம்பின் வேகத்தை நெருங்கும்போது சுற்றோட்டம் மெலிந்துபோய், முடிவு ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும். அங்கே வரும் எண்ணை நான் நம்புவதில்லை. எல்லா பிளேடுகளையும் வைத்து நேரத்தோடு மாறும் கணக்கு ஓட்டினால் நிலைமை மேம்படும், ஆனால் அதற்கு ஆகும் நேரத்தில் பத்து வடிவங்களை ஒப்பிட்டுவிடலாம்.

என்னை மிகவும் அலைக்கழித்தது ஸ்டால் நிலைதான். டர்பைன் நிற்க, பம்ப் மட்டும் முழு வேகத்தில் சுற்றும் நேரம். எங்கள் டார்க் கணிப்பு சோதனையில் வந்ததைவிடத் தொடர்ந்து கூடுதலாகவே இருந்தது. மெஷ்ஷை, அதாவது ஓட்டப் பாதையைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையை, நுணுக்கினேன், கொந்தளிப்பு மாதிரியை மாற்றினேன், சுவரோரச் செல்களைத் திருத்தினேன். மூன்று வாரம் போனது. கடைசியில் சோதனை மேடையைப் பார்த்துக்கொள்பவர் வந்து, "சார்ஜ் பிரஷர் எவ்வளவு வச்சிருக்கீங்க சார்?" என்று சாதாரணமாகக் கேட்டார். கன்வெர்டருக்குள் எண்ணெயை நிரப்பி வைக்கும் அழுத்தம் அது. நான் எதுவுமே வைத்திருக்கவில்லை! ஸ்டாலில் டர்பைனிலிருந்து வரும் எண்ணெய் ஸ்டேட்டர் பிளேடின் மூக்கில், அதாவது முன்விளிம்பில், சாய்வாக மோதுகிறது. அதைச் சுற்றி வளையும் இடத்தில் அழுத்தம் ஆவியாகும் அளவுக்கு விழுந்து, குமிழ்கள் பாதையை அடைக்கின்றன. என் மாதிரியில் எண்ணெய்க்கு ஆவியாகவே தெரியாது. இப்படிக் குமிழ் உருவாகும் கேவிட்டேஷனைச் சேர்த்து, உண்மையான சார்ஜ் பிரஷரைக் கொடுத்ததும் இடைவெளியில் பெரும்பகுதி மறைந்தது.

மிச்சம் இருந்தது வடிவத்தில். பம்ப், டர்பைன் பிளேடுகள் தகட்டில் அழுத்தி எடுத்தவை. கூட்டைப் பொருத்திப் பற்றவைத்த பிறகு வரைபடத்தில் உள்ள கோணம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. வெட்டித் திறந்த ஒரு பாகத்தை ஸ்கேன் செய்து ஓட்டியபோது கணிப்பு இன்னும் நெருங்கியது. விட்டம் வேறு தனிக் கதை: ஒரே வேகத்தில் டார்க் விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக மாறும், ஒரு சதவீதம் பிசகினால் ஐந்து சதவீதம் போச்சு.

அப்புறம் ஆப்டிமைசேஷன். கணினியிடம் "ஸ்டால் டார்க் விகிதத்தைக் கூட்டு" என்றேன், கூட்டியது. ஸ்டேட்டர் பிளேடை வளைத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி செய்துவிட்டது. அலுமினிய அச்சிலிருந்து அதை நேராக உருவவே முடியாது. போதாததற்கு எஞ்சினின் ஸ்டால் வேகமும் நகர்ந்துவிட்டது. இப்போது அச்சு விலகும் திசை, குறைந்தபட்சத் தடிமன், டார்க் கொள்ளளவு (குறிப்பிட்ட வேகத்தில் பம்ப் எஞ்சினிடமிருந்து எடுக்கும் டார்க்) மூன்றையும் முதலிலேயே கட்டுப்பாடாக வைக்கிறேன். கிடைக்கும் லாபம் குறைவு, ஆனால் செய்யக்கூடியது. அதிலும் பாதிக்கு மேல் ஸ்டேட்டர் மூக்கின் வட்டத்திலிருந்துதான் வருகிறது. ஸ்டாலில் ஒரு பக்கம் மோதும் ஓட்டம், வேக விகிதம் ஏற ஏற மறுபக்கத்துக்கு மாறுகிறது. மெல்லிய மூக்கு ஒரே நிலையில் அழகாக வேலை செய்யும், மற்றதில் ஓட்டம் சுவரை விட்டுப் பிரியும். தடித்த மூக்கு எதிலும் சிறந்ததில்லை, எதிலும் கைவிடுவதுமில்லை.

இரண்டு வடிவங்களில் எது மேல் என்று கேட்டால் சிமுலேஷன் சொல்வதை இன்று தயங்காமல் ஏற்பேன். எவ்வளவு மேல் என்று கேட்டால் சோதனை மேடைக்குத்தான் அனுப்புவேன், சார்ஜ் பிரஷரைக் குறித்துக்கொண்ட பிறகு.