மூன்று வில்லேஜர், ஒரு ஜாம்பி: இரும்புப் பண்ணையின் நீண்ட நாள் அனுபவம்

மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேமில் இரும்பு தானாகச் சேரும் ‘இரும்புப் பண்ணை’ கட்டி முடிக்க ஒரு சனிக்கிழமை போதும். பலர் சேர்ந்து விளையாடும் சேர்வரில் அதை மாதக்கணக்கில் ஓட வைப்பதில்தான் வேலையே இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் திருகோணமலை உப்புவெளி, உவர்மலைப் பெடியள் கொஞ்சப் பேர். டொரொண்டோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஒருவர்.

நாங்கள் விளையாடுவது ஜாவா பதிப்பு. அதில் மூன்று வில்லேஜர் (விளையாட்டின் கிராமவாசிகள்), மூன்று கட்டில், அவர்கள் கண்ணில் படும்படி ஒரு ஜாம்பி இருந்தால் சரி. பயந்துபோய், தங்களைக் காக்கும் இரும்பு மனிதனான இரும்புக் கோலெம் ஒன்றை வரவழைப்பார்கள். தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய் லாவாவில் விடும். அது செத்தால் 3 முதல் 5 இரும்புக்கட்டி விழும். ஆனால் கடைசி 20 நிமிடத்துக்குள், அதாவது விளையாட்டின் ஒரு நாளுக்குள், தூங்காத வில்லேஜரால் பயனில்லை. ஜாம்பியைக் கண்டு பயந்தால் தூங்கமாட்டார்கள், அதனால் அது இடையிடையே கண்ணில் படாமல் மறைய வேண்டும். பெட்ரொக் பதிப்பில் இந்தக் கணக்குச் செல்லாது; அங்கே 20 கட்டிலாவது வேண்டும்.

இரும்புக்குக் குறையில்லை. தலையிடி தந்தது, விழும் பொருளை அள்ளிப் பெட்டிக்குள் தள்ளும் புனலான ஹொப்பர்தான். கோலெம் சாகும் இடத்துக்குக் கீழே வரிசையாக ஹொப்பர் பதிக்கச் சொல்லித்தான் பலரும் காட்டுவார்கள். மேலே ஏதும் விழுந்ததா என்று ஒவ்வொரு ஹொப்பரும் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். தனியாக விளையாடினால் அது தெரியாது. ஆளுக்கொரு பண்ணை, ஆளுக்கொரு பொருள் பிரிக்கும் மெஷின் என்று பெருகியதும், நொடிக்கு 20 டிக் (விளையாட்டு ஒருமுறை கணக்குப் பார்க்கும் துடிப்பு) ஓட வேண்டிய சேர்வர் திணறியது. வரிசையைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் தண்ணீரில் அள்ளி ஒரே ஹொப்பருக்குக் கொண்டுவந்தோம். நொடிக்கு 2.5 பொருள் கடத்தும். இந்தச் சின்னப் பண்ணைக்கு அது தாராளம்.

அப்புறம் ஆள் பிரச்சினை. பக்கத்தில் ஒருவராவது நின்றால்தான் பண்ணை ஓடும். மாரியில் கரண்ட் போனால் திருகோணமலைக்காரர் எல்லாரும் ஒன்றாக வெளியே விழுவோம். நாங்கள் படுக்கும் நேரம் டொரொண்டோவில் பகல் என்பதால் அண்ணா தன் ஆளை அங்கே நிறுத்திவிட்டு வேறு வேலை பார்ப்பார். பண்ணையில் பாதி இரும்பு அவர் புண்ணியம்.

ஜாம்பிக்குப் பெயர்ப்பட்டி கட்டாயம், இல்லையென்றால் காணாமல் போய்விடும். பெயர் இருந்தாலும் சேர்வரை யாராவது எதிரிகளே இல்லாத ‘பீஸ்ஃபுல்’ நிலைக்கு மாற்றினால் அது போச்சு. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் வீரம் காட்டி அதை வெட்டியே விட்டான். இப்போது சுற்றிக் கண்ணாடிச் சுவர்.

2024 ஜூனில் 1.21 என்ற புதிய வெர்ஷன் வந்த பிறகு, பொருட்களைத் தானாகச் சேர்த்துச் செய்யும் கிராஃப்டர் வைத்தோம். ஒன்பது கட்டியை ஒரு பிளொக் (கனசதுரம்) ஆக்கிவிடுவதால், 3,456 கட்டி கொள்ளும் இரட்டைப் பெட்டியில் அதைப்போல் ஒன்பது மடங்கு அடங்கும். கூடவே விழும் பொப்பிப் பூவை உரத்தொட்டியான கொம்போஸ்டரில் போட்டு எலும்புத்தூள் எடுக்கிறோம், கோதுமைக்கு உதவுகிறது.

பக்கத்திலேயே இன்னொரு பண்ணை போடலாம் என்று ஒருவன் நிற்கிறான். எனக்கு இஷ்டமில்லை. 16 பிளொக்குக்குள் வேறு கோலெம் நின்றால் வில்லேஜர் புதிதாக ஒன்றை அழைக்கமாட்டார்கள். வேண்டுமானால் நன்றாகத் தள்ளிக் கட்டட்டும், ஹொப்பர் வரிசை இல்லாமல்.