பர்கர் கடைக் காபியா, காபிக் கடைக் காபியா?

2008 கடைசியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு விளம்பரப் பலகை எழுந்தது. காபிக்கு நாலு டாலர் கொடுப்பது மடத்தனம் என்று அதில் நறுக்கென்று எழுதியிருந்தது. வைத்தது மெக்டொனால்ட்ஸ். வைத்த இடம் ஸ்டார்பக்ஸ் தலைமையகத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடம். பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், பர்கர் விற்கிறவர் காபி விற்கிறவரின் வாசலிலேயே போய் நின்று மீசையை முறுக்கினார்.

பர்கர் கடைக்குக் காபி மேல் ஏன் இவ்வளவு கண்? காலை நேரம்தான் காரணம். 1972-இல் எக் மெக்மஃபின் என்ற முட்டை வைத்த ரொட்டியோடு மெக்டொனால்ட்ஸுக்குக் காலை வியாபாரம் பிறந்தது. காலையில் வருகிறவர் பெரும்பாலும் காபிக்காகத்தான் வண்டியை நிறுத்துகிறார்; சாப்பாடு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது. காபி சரியில்லை என்றால் அவர் வேறு கடையில் நிறுத்துவார், பசிக்கும் அங்கேயே எதையாவது வாங்கிக்கொள்வார். ஆக, காபியை விட்டால் காலையே போச்சு. அதனால் 2006-இல் அமெரிக்கக் கடைகளில் காபியின் வறுவலையே மாற்றினார்கள். 2009-இல் லாட்டே, கேப்புசினோ போன்ற பால் நுரைக் காபிகள் எல்லாம் மெக்கஃபே என்ற பெயரில் நாடு முழுக்க வந்தன. அந்தப் பெயர் பிறந்தது என்னவோ 1993-இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில்.

சரி, நாக்கு என்ன சொல்கிறது?

பால் சேர்க்காத சாதாரண பிளாக் காபியை முதலில் எடுத்துக்கொள்வோம். 2007-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை மெக்டொனால்ட்ஸ், ஸ்டார்பக்ஸ், டன்கின், பர்கர் கிங் ஆகிய நான்கின் காபியையும் குடித்துப் பார்த்து, மெக்டொனால்ட்ஸ்தான் முதல் என்றது. ஸ்டார்பக்ஸ் காபியில் கருகல் நெடியும் கசப்பும் தூக்கல் என்பது அவர்கள் குறை. இந்தத் தீர்ப்பில் எனக்குப் பெரிய வியப்பு இல்லை. ஸ்டார்பக்ஸ் கொட்டையை ஆழமாக வறுப்பது. நிறையப் பால் ஊற்றினாலும் காபியின் குரல் அமுங்கக் கூடாது என்றால் அந்த வறுவல் உதவும். ஆனால் பால் இல்லாமல் குடிக்கும்போது அதே கருமைதான் தொண்டையில் இடிக்கிறது. ஸ்டார்பக்ஸுக்கும் இது உறைத்திருக்க வேண்டும். 2008-இல் பைக் பிளேஸ் என்ற மிதமான வறுவலையும், 2012-இல் அதைவிட இளவறுவலான பிளாண்ட் ரகத்தையும் கொண்டுவந்தார்கள்.

பிளாக் காபியில் இன்னொரு சங்கதி உண்டு, கடைப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வடித்த காபி சூடான தட்டின் மேல் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க மணம் பறந்து, புளிப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும். அரை மணி நேரம் போனாலே வித்தியாசம் தெரியும். காலை எட்டு மணிக்குப் பர்கர் கடையில் குடுவை காலியாவதும் நிறைவதுமாக இருக்கும். கிடைப்பது புதுக் காபி. மத்தியானம் மூன்று மணிக்கு அதே குடுவை யாருக்காகவோ காத்துக்கிடக்கும். காலையில் அங்கே குடித்துவிட்டு மெச்சுகிறவரும், பிற்பகலில் குடித்துவிட்டுத் திட்டுகிறவரும், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

எஸ்பிரெஸோவில், அதாவது அழுத்தத்தில் வடித்த கெட்டிக் காபியில், பால் சேர்ந்த பானங்களுக்கு வந்தால் தராசு காபிக் கடைப் பக்கம் சாய்கிறது. ஆனால் அதன் ஆதரவாளர்கள் நினைக்கிற அளவுக்குச் சாயவில்லை. காபி போடுகிற ஊழியரான ஒரு நல்ல பரிஸ்டா பால் காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆவிக்குழாயின் நுனியைப் பால் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைப்பார். முதலில் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சன்னமான ஓசை. அப்புறம் குழாயை ஆழ இறக்குவார். ஓசை அடங்கிப் பால் சுழலும். பாத்திரத்தின் வெளிப்பக்கம் இன்னொரு கை ஒட்டியபடி இருக்கும், சூடு பொறுக்க முடியாமல் போகிற நொடியில் ஆவியை நிறுத்துவார். அந்தப் பாலில் கண்ணுக்குத் தெரிகிற குமிழே இருக்காது, பெயின்ட் மாதிரி வழவழப்பாக வழியும். பர்கர் கடையில் இதையெல்லாம் ஒரு பொத்தான் செய்கிறது. உருளைக்கிழங்கு வறுக்கிற அதே ஆள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து அழுத்துவார். நுரை வரும், ஆனால் சோப்பு நுரை மாதிரி மேலே தனியாக நிற்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? சிக்கல் என்னவென்றால், ஸ்டார்பக்ஸும் பொத்தான் பக்கம் எப்போதோ போய்விட்டது. கொட்டையை அரைத்து, அழுத்தி, வடிப்பது வரை தானே செய்கிற எந்திரங்களைத்தான் அவர்களும் வைத்திருக்கிறார்கள். 2007 பிப்ரவரியில் அப்போது நிறுவனத் தலைவராக இருந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ், உயர் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது வெளியே கசிந்தது. தானியங்கி எந்திரங்கள் வேகத்தைக் கொடுத்தன, ஆனால் கடையின் நாடகத்தைத் தின்றுவிட்டன என்று அதில் புலம்பியிருந்தார். எந்திரம் உயரமாக இருந்ததால் வாடிக்கையாளருக்கும் பரிஸ்டாவுக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லையாம். கொட்டையைக் காற்றுப் புகாத பையில் அடைத்ததால் கடையில் காபி மணமே இல்லையாம். அடுத்த ஆண்டு அவர் தலைமைச் செயல் அதிகாரியாகத் திரும்பி வந்து, பிப்ரவரி 26 மாலை அமெரிக்காவில் ஏறத்தாழ 7,100 கடைகளை மூடி, ஊழியர்களுக்கு எஸ்பிரெஸோ போடுவதை மறுபடி சொல்லிக்கொடுத்தார். காலை உணவு சாண்ட்விச்சில் சீஸ் உருகிக் கருகுகிற வாசனை காபி மணத்தை அமுக்குகிறது என்று அதையும் நிறுத்தச் சொன்னார். ஆனால் சாண்ட்விச் நல்ல காசு பார்த்துக்கொடுக்கிற சரக்கு. செய்முறையை மாற்றி, வாசனையைக் குறைத்து, சில மாதத்திலேயே அதைத் திரும்ப உள்ளே விட்டார்கள்.

இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பர்கர் கடை காபிக் கடையாக முயன்ற அதே ஆண்டுகளில், காபிக் கடை சத்தமில்லாமல் பர்கர் கடையாகிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிடப் போகிறவர் பெயர்ப் பலகையை நம்பிப் போனால் ஏமாறுவார்.

நாற்காலி யாருடையது?

நாலு டாலரில் காபிக்கு எவ்வளவு, நாற்காலிக்கு எவ்வளவு? ஷுல்ட்ஸ் 1983-இல் இத்தாலியின் மிலான் நகருக்குப் போய் அங்கிருந்த எஸ்பிரெஸோ கடைகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், முக்கியமாகக் கொட்டை விற்றுக்கொண்டிருந்த ஸ்டார்பக்ஸுக்கு வேறு கனவு வந்தது. வீடும் இல்லாமல் வேலையிடமும் இல்லாமல் மனிதர்கள் கூடுகிற 'மூன்றாவது இடம்' என்று சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் சொன்ன கருத்தைப் பின்னாளில் நிறுவனம் தன் தோளில் போட்டுக்கொண்டது. மெத்தை நாற்காலி, மங்கலான விளக்கு, மெல்லிய இசை. யாரும் வந்து 'முடிந்ததா' என்று கேட்க மாட்டார்கள். மெக்டொனால்ட்ஸோ, 1948-இல் மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவரும் சமையலறையைத் தொழிற்சாலை மாதிரி மாற்றியமைத்த நாளிலிருந்தே, வந்தவரை வேகமாக அனுப்பிவைப்பதற்காகக் கட்டப்பட்டது.

அப்படியானால் உட்காருவதற்குக் காபிக் கடைதான் என்று முடித்துவிடலாமா? 2014 ஜனவரியில் நியூயார்க்கின் ஃபிளஷிங் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் கொரிய முதியவர்கள் சிலர் ஒரு காபியும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி வைத்துக்கொண்டு நாள் பூராவும் உட்கார்ந்திருந்தார்கள். 20 நிமிடத்தில் எழ வேண்டும் என்று அறிவிப்பு இருந்தது, யாரும் மதிக்கவில்லை. போலீஸ் வந்தது, எழுந்து போனார்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள். விஷயம் பத்திரிகைகளில் வந்து, கடைசியில் கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் மட்டும் இடம் விடுவது என்று சமாதானமானது. யாரும் திட்டம் போட்டு உருவாக்காத மூன்றாவது இடம் அது. அமெரிக்கச் சிற்றூர்களில் ஓய்வுபெற்றவர்கள் தினமும் காலையில் கூடிப் பேசுவது இன்றைக்கும் பல இடங்களில் பர்கர் கடையில்தான்.

எதிர்ப்பக்கம், யாரும் எதுவும் வாங்காமலே உட்காரலாம் என்று 2018-இல் கதவைத் திறந்துவைத்த ஸ்டார்பக்ஸ், 2025 ஜனவரியில் வட அமெரிக்கக் கடைகளில் அதைக் கைவிட்டது. வாங்குங்கள், அல்லது கிளம்புங்கள். இலவச வைஃபையிலும் முந்தியது பர்கர் கடைதான்: மெக்டொனால்ட்ஸ் 2010 ஜனவரி, ஸ்டார்பக்ஸ் அதே ஆண்டு ஜூலை.

ஜன்னல் வழியே வாங்குவது

மெக்டொனால்ட்ஸின் முதல் டிரைவ்-த்ரூ 1975-இல் அரிசோனா மாநிலத்தின் சியரா விஸ்டாவில் திறந்தது. பக்கத்து ராணுவத் தளத்து வீரர்கள் களச் சீருடையில் வெளியிடங்களில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று விதி இருந்தது; சரி, இறங்க வேண்டாம், நாங்களே சுவரில் ஓட்டை போட்டு நீட்டுகிறோம் என்றார்கள். இன்று அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் விற்பனையில் மிகப் பெரிய பங்கு ஜன்னல் வழியாகவே போகிறது. ஸ்டார்பக்ஸிலும் அமெரிக்க விற்பனையின் பெரும்பகுதி இப்போது டிரைவ்-த்ரூவும் மொபைல் ஆர்டரும்தான். மெத்தை நாற்காலிக்குச் சேர்த்துக் காசு வாங்கிய கடையில், பெரும்பாலானோர் அந்த நாற்காலியைக் கண்ணால் கூடப் பார்ப்பதில்லை.

ஜன்னல் வியாபாரத்தில் பர்கர் கடையை வெல்வது கடினம். அங்கே தருவது எண்ணி வைத்த பட்டியல். பெரும்பாலும் எல்லாம் தயாராக இருக்கும். காபிக் கடையிலோ ஓட்ஸ் பால், அரைச் சர்க்கரை, இரண்டு பங்கு சிரப், குளிர் நுரை, ஐஸ் கொஞ்சம் என்று ஒரே காரிலிருந்து நாலு விதமான கோரிக்கை வரும். பின்னால் பத்து கார் காத்திருக்கும். மொபைல் ஆர்டர் இதில் எண்ணெய் ஊற்றியது. பெயர் வேண்டாம், கொஞ்சம் ஒசத்தியான ஒரு காபிக் கடைக்குள் ஒரு காலை நான் நேரில் போய் நின்றேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஒருவர். ஆனால் கவுண்டரில் பெயர் ஒட்டிய கோப்பைகள் இருபதுக்கு மேல், எல்லாம் ஆப்பில் சொல்லிவைத்தவர்களுடையவை; ஐஸ் உருகி அடியில் தண்ணீர் வளையம். எனக்குக் காபி வர பதினேழு நிமிடம். கண்ணுக்குத் தெரியாத வரிசையில் பின்னால் நிற்பது போன்ற எரிச்சல் வேறு இல்லை.

விலையை நான் நீட்டப் போவதில்லை. பர்கர் கடை மலிவு, எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஸ்டார்பக்ஸ் ஆப்பிலும் அட்டையிலும் வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே போட்டுவைத்திருக்கும் பணம் ஒரு பில்லியன் டாலருக்கு மேல். அதற்கு வட்டி கிடையாது. கையில் ஏற்கெனவே ஏற்றிய காசு இருக்கும்போது எதிர்க் கடையின் மலிவு விலை கண்ணில் படுவதில்லை. கெட்டிக்கார ஏற்பாடு.

நடுவில் டன்கினை மறந்துவிடக் கூடாது. 1950 முதல் டோனட் விற்ற அந்தக் கடை, 2019-இல் பெயரிலிருந்தே டோனட்டைத் தூக்கிவிட்டது. காபிதான் சோறு போடுகிறது என்று ஒப்புக்கொண்ட நேர்மை அது. அலங்காரம் இல்லாத, வேகமான, இனிப்பான காபி வேண்டுமென்றால் இந்தச் சண்டையையே பார்க்காமல் அங்கே போய்விடலாம்.

என்னைக் கேட்டால்? காலையில் போகிற வழியில் பிளாக் காபி என்றால் பர்கர் கடை. கூடக் கொடுக்கிற காசுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் கிடைக்காது. கேப்புசினோ என்றால் காபிக் கடை, அதுவும் உள்ளே போய், கூட்டமில்லாத நேரத்தில். காபிக் கடையின் டிரைவ்-த்ரூவில் லாட்டே வாங்குவது மட்டும் எனக்குப் புரியாத கணக்கு: நாற்காலிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, சொந்தக் கார் இருக்கையில் உட்கார்ந்து காத்திருக்கிறோம். மேலே கிரீமும் கேரமலும் வழிகிற குளிர் பானங்களில் யார் ஜெயித்தார் என்று பார்ப்பது வீண். சர்க்கரை எல்லாக் கடையிலும் ஒரே ருசிதான்.

இதற்கிடையே இரண்டு பேரும் இன்னொரு தடவை சட்டையை மாற்றிக்கொண்டார்கள். மெக்டொனால்ட்ஸ் 2023 டிசம்பரில் இலினாய் மாநிலத்தில் காஸ்மெக்ஸ் என்று பானங்களுக்காகவே தனிக் கடை திறந்தது, வேண்டியபடி மாற்றிக் கேட்கிற வசதியோடு. 2025-இல் அந்தக் கடைகளை மூடுவதாக அறிவித்து, பானங்களை மட்டும் எடுத்துவந்து 500-க்கும் மேற்பட்ட பர்கர் கடைகளில் சோதித்துப் பார்த்தது. ஸ்டார்பக்ஸோ 2024 செப்டம்பரில் பிரையன் நிக்கலைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. டாக்கோ பெல், சிபோட்லே என்று துரித உணவிலேயே ஊறியவர். நாலு நிமிடத்தில் காபி கைக்கு வர வேண்டும் என்று அவர் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதே மனிதர்தான் பீங்கான் கோப்பையைத் திரும்பக் கொண்டுவந்தார். கோப்பையில் பேனாவால் கைப்பட எழுதித் தரச் சொன்னார். உட்கார்ந்து குடிக்கிறவருக்கு வடித்த காபியை இரண்டாம் தடவை இலவசமாக ஊற்றச் சொன்னார். காபிக் கடைக்கு நாற்காலியை ஞாபகப்படுத்த, பர்கரும் டாக்கோவும் விற்ற உலகத்திலிருந்து ஓர் ஆள் வர வேண்டியிருந்தது.