ஷேடோ டீச்சரா, கூட விளையாடும் பிள்ளைகளா?

எங்கள் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் உண்டு, ஒன்றிரண்டு சொல்தான் பேசுவான். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் மழலையர் பள்ளியில் சேர்த்தபோது இரண்டு வழி சொன்னார்கள். நாள் முழுக்க அவன் பக்கத்தில் இருக்க ஒரு ஷேடோ டீச்சர். அல்லது வகுப்பில் நான்கு பிள்ளைகளைப் பழக்கி அவனோடு விளையாட விடுவது. முதல் ஆறு மாதம் ஷேடோ டீச்சர் இருந்தார். இப்போது பிள்ளைகள்தான். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

செலவு எதில் குறைவு என்று சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்புக்கு ஷேடோ டீச்சர்தான் மேல். ஆனால் என் மனதை மாற்றியது ஒன்றே ஒன்று: அவன் தானாக ஒன்றைக் கேட்கிறானா என்பது.

ஷேடோ டீச்சர் பாசமானவர். டிபன் பாக்ஸை அவன் தொட்டதுமே மூடியைத் திறந்துவிடுவார். அப்புறம் அவன் எதற்குக் கேட்க வேண்டும்? மற்ற பிள்ளைகளும் "மிஸ், இவனுக்குப் பந்து வேணுமா?" என்று அவரைத்தான் கேட்டார்கள். அமெரிக்காவில் மைக்கேல் ஜியாங்ரெகோ குழு 1997-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: உதவியாளர் ஒட்டியே இருந்தால் சக மாணவர்கள் விலகிப்போகிறார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மூன்றே விஷயம். அவன் பக்கத்தில் இரு, அவன் ஆடுவதையே நீயும் ஆடு, அதைப் பற்றிப் பேசு. ஆசிரியைக்குத்தான் பொறுமை வேண்டும். சோப்புக் குமிழி பாட்டிலை இறுக மூடி அவன் கைக்கு எட்டும்படி வைப்பார். பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுவார், உதவப் போகமாட்டார். மூன்றாவது வாரம் அவன் அந்தப் பாட்டிலை எடுத்துப்போய் ஒரு சிறுமியின் கையில் வைத்து, அவள் முகத்தைப் பார்த்தான். "திறக்கணுமா?" என்றாள். "திற" என்றான். அவன் யாரும் தூண்டாமல் ஒரு பிள்ளையிடம் சொன்ன முதல் சொல் அது.

இதிலும் குறை உண்டு. அதே நான்கு பேரையே வைத்திருந்ததில் அவர்கள் அலுத்துப்போனார்கள். "என் பொண்ணும் விளையாடத்தானே வர்றா?" என்று ஓர் அம்மா கேட்டார், நியாயம்தான். இப்போது வாரம் ஒருமுறை ஆள் மாற்றுகிறார்கள்.

எங்கள் வகுப்பில் 18 பிள்ளைகள், ஆசிரியையோடு ஓர் ஆயாவும் உண்டு. 40 பேருக்கு ஒரே ஆசிரியை என்றால் இது நடக்குமா என்பது சந்தேகம்தான். வாசலைத் தாண்டி ஓடிவிடும் பிள்ளைக்கும் வலிப்பு வரும் பிள்ளைக்கும் பக்கத்தில் பெரியவர் இல்லாமல் விட எனக்குத் துணிவு வராது. அப்படி வைத்தாலும், சாப்பாட்டு நேரத்திலும் விளையாட்டு நேரத்திலும் அவரை நான்கடி தள்ளி உட்காரச் சொல்லிப் பாருங்கள்.