ப்ரோபயாடிக் பாக்கெட்டில் ஆன்டிபயாடிக்: இறால் வளர்ப்பவர்கள் ஏமாறாதீர்கள்

குளத்தில் இறால் தீவனத்தை ஒதுக்க ஆரம்பித்தது. குடல் காலி, தண்ணீரில் வெள்ளை நூலாகக் கழிவு மிதந்தது. வழக்கமாகத் தீவனம் தரும் வியாபாரி ஒரு பொடியைக் கொடுத்தார். "ப்ரோபயாடிக்தான் சார், நல்ல பாக்டீரியா மட்டும்தான் இருக்கு, தீவனத்தோட கலந்து போடுங்க." பாக்கெட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டால், கம்பெனி ரகசியம் என்றார்.

இறால் சட்டென்று தேறியது. அப்புறம் மறுபடியும் சாவு. இந்த முறை பொடி எடுபடவில்லை. அளவைக் கூட்டச் சொன்னார். நான் பொடியையும் இறாலையும் லேபுக்கு அனுப்பினேன். பொடியில் இருந்தது குளோரம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக். இறாலில் இருந்து எடுத்து வளர்த்த விப்ரியோ என்ற பாக்டீரியாவின் மேல் மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தார்கள். குளோரம்பெனிகால் மட்டுமல்ல, ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் வில்லையும் அது வளர்வதைத் தடுக்கவில்லை.

இது எவ்வளவு பெரிய அநியாயம் தெரியுமா? குளோரம்பெனிகால் சில மனிதர்களுக்கு எலும்பு மஜ்ஜையையே செயலிழக்க வைக்கும். அதனால்தான் உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அதைக் கொடுக்கப் பல நாடுகளில் தடை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 நவம்பரிலிருந்து கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம் இருந்தாலே சரக்கைத் தடுக்கிறது. என் அறுவடையை வாங்குவதாகச் சொன்னவர் அறிக்கையைப் பார்த்ததும் விலகிவிட்டார்.

பண நஷ்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை, அந்தக் குளத்து நீர். மருந்து கலந்த தீவனத்தில் ஒரு பகுதி தின்னப்படாமலே கரைகிறது. கொஞ்சமாக மருந்து இருக்கும் நீரிலும் சேற்றிலும் சாகாமல் தப்பிக்கிற பாக்டீரியாதான் பெருகும். மருந்தை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் இருந்தால் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் அப்படியே கைமாறும். மனிதருக்கு வயிற்றுப்போக்கு தருகிற விப்ரியோவும் இதே நீரில்தான் வாழ்கிறது. நீரைச் சுத்தப்படுத்தாமல் திறந்துவிட்டால் இவையெல்லாம் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்விடும்.

ப்ரோபயாடிக் என்றால் எந்தப் பாக்டீரியா, ஒரு கிராமில் எவ்வளவு என்று பாக்கெட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஆன்டிபயாடிக் தருவதாக யாராவது சொன்னால் நம்பவே வேண்டாம். அது வைரஸ், எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது.

பில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் எடுத்து வையுங்கள். மீன்வளத் துறையில் நான் புகார் கொடுத்தபோது முதலில் கேட்டது அந்த இரண்டையும்தான்.