ஃப்ரஸ் ஆவணத் தொகுப்பு: அமெரிக்க வெளியுறவுக் கொள்கையை உள்ளே இருந்து படிக்க ஓர் இலவச இடம்

1943 டிசம்பர் 1 அன்று டெஹ்ரானில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் சோவியத் தலைவர் ஸ்டாலினும் தனியாகச் சந்தித்தார்கள். போலந்தின் எல்லைகளை மேற்கே நகர்த்துவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று ரூஸ்வெல்ட் சொல்கிறார். ஆனால் அமெரிக்காவில் போலந்து வம்சாவளியினர் அறுபது எழுபது லட்சம் பேர் இருக்கிறார்கள், 1944-இல் மறுபடி தேர்தலில் நிற்கவேண்டி வந்தால் அவர்களுடைய ஓட்டை இழக்க விருப்பமில்லை, ஆகவே இப்போதைக்கு வெளிப்படையாக எந்த ஏற்பாட்டிலும் பங்கெடுக்க முடியாது என்றும் சொல்கிறார். காரணம் புரிகிறது என்கிறார் ஸ்டாலின். மொழிபெயர்ப்பாளராகக் கூட இருந்த சார்லஸ் போலன் எல்லாவற்றையும் குறிப்பெடுத்து வைத்தார். போலந்து எல்லைப் பேச்சுக்குள், போலந்து வம்சாவளியினர் ஓட்டுப் போடும் டெட்ராய்ட்டும் சிகாகோவும் பஃபலோவும் எப்படி நுழைந்தன என்பதை இவ்வளவு நேராகக் காட்டும் காகிதம் வேறு கிடைப்பது கஷ்டம்.

அந்தக் குறிப்பை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம். அதை வைத்திருக்கும் இடம்தான் 'ஃபாரின் ரிலேஷன்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற ஆவணத் தொகுப்பு, ஆராய்ச்சியாளர்கள் சுருக்கமாக 'ஃப்ரஸ்' என்பார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகம் வெளியிடுகிறது, ஹிஸ்டரி டாட் ஸ்டேட் டாட் கவ் என்ற தளத்தில் இருக்கிறது. 450-க்கும் மேற்பட்ட தொகுதிகள். இது தொடங்கியதே ஒரு போர்க்காலத்தில்தான்: 1861, உள்நாட்டுப் போரின் முதல் ஆண்டு, லிங்கன் அதிபர், சீவர்ட் வெளியுறவுச் செயலர். தெற்கு மாநிலங்களை லண்டனும் பாரிஸும் தனி நாடாக அங்கீகரித்துவிடுமோ என்ற கவலை உச்சத்தில் இருந்தபோது, தூதர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முன் வைத்தார்கள். நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

சரி, படிக்க எப்படி இருக்கிறது? முதலில் சொல்லவேண்டியது அடிக்குறிப்புகளை. ஒரு தந்தியோ குறிப்போ எந்தக் காப்பகத்தில் இருக்கிறது, யார் வரைந்தது, யார் யாருக்குப் பிரதி போனது, எந்த ரகசிய முத்திரை இருந்தது, அதிபர் ஓரத்தில் கையால் என்ன எழுதினார், எல்லாம் அடியில் வந்துவிடும். பல இடங்களில் ஆவணத்தைவிட அடிக்குறிப்புதான் கதையைச் சொல்கிறது. ஒரு அறிக்கையை அதிபர் படித்தாரா, இல்லை உதவியாளர் மேசையிலேயே நின்றுபோனதா என்பது தெரியாமல் கொள்கை எப்படி உருவானது என்று பேசவே முடியாது. இந்தத் தொகுப்பைத் தயாரிக்கும் வரலாற்றாசிரியர்கள் அந்த வேலையை மிகுந்த பொறுப்போடு செய்கிறார்கள், அதற்கு முழு மதிப்பெண்.

இதன் அருமை தெரியவேண்டும் என்றால் பெரிய நெருக்கடிகளை விட்டுவிட்டு ஒரு சின்ன நாட்டின் பக்கங்களைத் திறக்கவேண்டும். இலங்கையின் ரப்பர்-அரிசி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் கொரியப் போர் வெடித்ததும் ரப்பர் விலை ஏறியது, அப்புறம் சரிந்தது. 1951 மே மாதம் சீனாவுக்குப் போர்ப் பயன்பாட்டுப் பொருள்களை விற்கக்கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரே இல்லை, 1955-இல்தான் சேர்ந்தது. அந்த நாட்டுக்கு அரிசி வெளியிலிருந்து வரவேண்டும், அரிசிக்கோ உலகச் சந்தையில் தட்டுப்பாடு, கையில் இருப்பது ரப்பர். சந்தை விலைக்கு மேல் கொடுத்து ரப்பரை வாங்கவும், அரிசி தரவும் பீகிங் (இன்றைய பெய்ஜிங், அதாவது சீன அரசு) தயார். 1952 டிசம்பரில் ஐந்து வருஷ ஒப்பந்தம் கையெழுத்தானது, வருஷத்துக்கு 50,000 டன் ரப்பருக்கு 2,70,000 டன் அரிசி.

இத்தனைக்கும் இலங்கைப் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசு இடதுசாரி அரசே அல்ல. ஆனாலும் வாஷிங்டனின் கை கட்டப்பட்டிருந்தது, கட்டியது காங்கிரஸ். 1951-இல் மிசௌரி மாநில செனட்டர் ஜேம்ஸ் கெம் கொண்டுவந்த திருத்தம், அதே வருஷம் அதன் இடத்தில் வந்த, அலபாமா உறுப்பினர் லாரி பேட்டில் பெயரால் வழங்கும் சட்டம், இரண்டின் சாரமும் ஒன்றுதான்: எதிரி முகாமுக்குப் போர்ப்பொருள் விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி கிடையாது. கொரியாவில் நம் பையன்கள் சாகும்போது வரிப்பணம் எதிரிக்குச் சரக்கு விற்பவனுக்கா என்று தொகுதியில் கேள்வி வந்தால் எந்த உறுப்பினரும் தடுமாறுவார், அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் அரிசிக்குத் தவித்த ஒரு தீவின் மேல் போய் விழும் என்று அலபாமாவிலோ மிசௌரியிலோ ஓட்டுப் போட்டவர்கள் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள். 1952–54 காலத்துக்கான 11-ஆம் தொகுதியின் இரண்டாம் பகுதியில் இலங்கை பற்றிய ஆவணங்கள் இருக்கின்றன, நிதானமாகப் படியுங்கள்.

இன்னொரு தடவை 1963-இல் இதேதான் நடந்தது. அயோவா செனட்டர் ஹிக்கன்லூப்பர் முந்தின வருஷம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளை எடுத்துக்கொண்டு நஷ்டஈடு தராததால் இலங்கைக்கு உதவி நிறுத்தப்பட்டது. அந்தத் திருத்தம் முதன்முதலாகப் பாய்ந்ததே இலங்கை மீதுதான்.

இந்தியாவின் கோதுமைக் கதை இன்னும் நீளமானது. இரண்டாம் உலகப்போரின்போது உற்பத்தியைப் பெருக்க அமெரிக்க விவசாயிகளுக்கு விலை ஆதரவு கொடுத்தார்கள், போர் முடிந்த பிறகும் அதைக் குறைக்க எந்த அரசியல்வாதிக்கும் துணிச்சல் வரவில்லை, ஏனென்றால் கேன்சஸும் டகோட்டாக்களும் மின்னசோட்டாவும் தேர்தலில் கணக்குத் தீர்த்துவிடும். கிடங்குகள் நிரம்பி வழிந்தன. அந்த உபரியைக் கரைக்க 1954-இல் வந்ததுதான் பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டம். டாலர் இல்லாத இந்தியா ரூபாயில் விலை கொடுத்துக் கோதுமை வாங்க முடிந்ததற்குக் காரணம் அந்த மாநிலங்களின் ஓட்டு. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அந்தக் கோதுமை கோடிக்கணக்கானவர்களுக்குச் சாப்பாடு போட்டது. குறை அடுத்து நடந்ததில். 1965-இல் இந்தியா-பாகிஸ்தான் போர், பருவமழை பொய்த்தது, வியட்நாமில் குண்டுவீச்சு, அதை டெல்லி விமர்சித்தது, எல்லாம் ஒரே வருஷத்தில். அதிபர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைப் போட மறுத்து, ஒவ்வொரு தவணைக் கோதுமையையும் தானே பார்த்துப் பார்த்து விடுவித்தார். இந்தியா விவசாயத்தைச் சீர்திருத்தவேண்டும் என்ற நியாயமான நோக்கமும் அதில் இருந்தது, வியட்நாம் பற்றிய டெல்லியின் விமர்சனத்தால் வந்த எரிச்சலும் இருந்தது. அந்த நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமனும் நம்முடைய உணவு, வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும் உட்கார்ந்து பேசி முடித்த விவசாயச் சீர்திருத்த ஏற்பாடு முக்கியமானது. ஃப்ரீமன் யார் என்றால், மின்னசோட்டாவின் முன்னாள் ஆளுநர். 1964–68-க்கான 25-ஆம் தொகுதியில் இந்த விவகாரம் தேதி வாரியாக விரிகிறது. பஞ்சத்தின் விளிம்பில் இருக்கும் நாட்டின் கப்பல் எப்போது கிளம்பும் என்பதை ஓர் ஆள் மனநிலை தீர்மானிக்கலாமா என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு பக்கத்திலும் வந்தது.

1948-இல் இஸ்ரேலை அங்கீகரிப்பது பற்றி வெளியுறவுச் செயலர் மார்ஷல் எழுதிவைத்த குறிப்பையும் தேடிப் பாருங்கள். மே 12 கூட்டத்தில் அதிபர் ட்ரூமனின் ஆலோசகர் கிளார்க் கிளிஃபோர்ட் சொன்ன யோசனையில் உள்நாட்டு அரசியல் வாடை அடிக்கிறது என்று மார்ஷலுக்குப் பட்டது. அதிபர் அதன்படி நடந்தால், தேர்தலில் நான் ஓட்டுப் போடுவதாக இருந்தால், உங்களுக்கு எதிராகத்தான் போடுவேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அவரே பதிவு செய்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து அமெரிக்கா இஸ்ரேலை அங்கீகரித்துவிட்டது.

1971 தொகுதிகள் மனதை உலுக்கும். டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய கொலைகளைப் பற்றி அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் அனுப்பிய தந்திகள், ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனின் கொள்கையை எதிர்த்து 20 அமெரிக்க அதிகாரிகள் கையெழுத்திட்ட மறுப்பு, அதே மாதக் கடைசியில் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானை இப்போது நெருக்கவேண்டாம் என்று நிக்சன் கைப்பட எழுதிய வரி. காரணம் பீகிங். சீனாவுக்கான ரகசிய வழி பாகிஸ்தான் மூலமாக ஓடிக்கொண்டிருந்தது, ஜூலையில் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தானிலிருந்துதான் சீனாவுக்குப் பறந்தார். சீனா தேவைப்பட்டதற்கு ஒரு பெரிய காரணம் வியட்நாம் போரிலிருந்து வெளியேற வழி தேடியது. ஒரு போரை முடிக்கும் அவசரம் வேறொரு மண்ணில் நடந்த படுகொலையைப் பார்த்தும் பேசாமல் இருக்கவைத்தது. இதை வாதமாக யாரும் எழுதவில்லை, ஆவணங்களைத் தேதி வரிசையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே போதுமாக இருக்கிறது.

இனி குறைகள். இவை சின்னக் குறைகள் கிடையாது. 1953 ஈரான் ஆட்சிக் கவிழ்ப்பு பற்றி 1989-இல் வந்த தொகுதியில் சி.ஐ.ஏ.வின் பங்கு காணவே இல்லை. அதைக் கண்டித்து, இந்தத் தொகுப்புக்கான வரலாற்றாசிரியர்களின் ஆலோசனைக் குழுவின் தலைவர் வாரன் கோஹன் ராஜினாமா செய்தார், அந்தக் கொந்தளிப்பில்தான் 1991-இல் சட்டமே வந்தது: தொகுப்பு முழுமையாகவும் நம்பகமாகவும் இருக்கவேண்டும், சம்பவம் நடந்து 30 வருஷத்துக்குள் வரவேண்டும். விடுபட்ட ஈரான் ஆவணங்கள் வந்து சேர்ந்தது 2017-இல். 2001-இல் இந்தோனேசியத் தொகுதியை அச்சடித்த பிறகு தடுக்கப் பார்த்தார்கள், அதற்குள் பிரதி வெளியே போய்விட்டது. 1945-இல் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் கூடிய யால்டா மாநாட்டின் ஆவணங்கள் 1955-இல் வெளிவந்ததற்குப் பின்னால் குடியரசுக் கட்சி செனட்டர்களின் நெருக்குதல் இருந்தது. ஆகவே எது எப்போது வெளியாகிறது என்பதும் அரசியல்தான், அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். 30 வருஷக் கெடுவும் காப்பாற்றப்படவில்லை, ரீகன் காலத் தொகுதிகளே இன்னும் முழுமையாக வரவில்லை. நடுநடுவே 'இரண்டு வரி வெளியிடப்படவில்லை' என்று சாய்வெழுத்தில் வரும் இடங்கள் சரியாக முக்கியமான வாக்கியத்தில் வந்து நிற்கும். எவ்வளவு நீக்கினார்கள் என்றாவது சொல்கிறார்களே என்ற அளவில் அது நேர்மை.

இதைவிடப் பெரிய வரம்பு ஒன்று உண்டு. இது வாஷிங்டன் பார்த்த உலகம். கொழும்பிலும் டெல்லியிலும் டாக்காவிலும் என்ன யோசித்தார்கள் என்பது அமெரிக்கத் தூதர் கேட்டு எழுதிய அளவில்தான் தெரியும், சில தந்திகளில் நம் தலைவர்களைப் பற்றி அவர்கள் எழுதியிருக்கும் தொனி கோபம் வரவைக்கும். இந்தத் தொகுப்பை மட்டும் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

தேடுபவர்களுக்கு இரண்டு விஷயம். அந்தக் காலப் பெயர்களை ஆங்கிலத்தில் போட்டால்தான் கிடைக்கும், சிலோன், டாக்காவின் பழைய எழுத்துக்கூட்டு, பீகிங் இப்படி. தேடல் பெட்டி பொதுவான சொல்லுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டும் என்பதால் முதலில் தொகுதியைத் தேர்ந்துகொண்டு அதன் பொருளடக்கம், ஆட்கள் பட்டியல், சுருக்கெழுத்துப் பட்டியல் மூன்றையும் பார்த்துவிட்டு உள்ளே போவது நல்லது. பல தொகுதிகளை மின்னூலாக இறக்கிக்கொள்ளலாம், ஃபோனில் படிக்க அது தளத்தைவிட வசதி.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண்ணைத் தாமதத்துக்காகக் குறைக்கிறேன். புதிதாக வருபவர்கள் 1969–76 வரிசையின் 11-ஆம் தொகுதியிலிருந்து, அதாவது 1971 தெற்காசிய நெருக்கடியிலிருந்து தொடங்குங்கள், கூடவே இ-7 என்ற மின்தொகுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகளின் எழுத்து வடிவம் அதில் இருக்கிறது.